உரித்தாளரைத் தேடும் தொழில்

மரணசாதனமும் அறியப்பட்ட உறவினருமின்றி ஒருவர் இறப்பின், இங்கிலாந்தில் அவரது ஆதனம் பொதுவாக முடியைச் சேர்கிறது. எனினும், நிர்வாகம் நிறைவுற்று 12 ஆண்டுகளுக்குள் உரித்தாளர் அதனைக் கோரலாம். பிறப்பு, விவாகப் பதிவேடுகளைத் துருவி இவர்களைக் கண்டறிவதையே தொழிலாகக் கொண்டோர் உளர். இறந்தவர் யாரெனக் கூறுமுன்னரே, ஆதனத்தில் ஒரு பங்கைத் தமக்கு எழுதித்தருமாறு இவர்களுட் பலர் கேட்பர். ஒருவரின் உறவுமுறை பற்றிய அறிவே அவருக்கு விற்கப்படும் சரக்காகிறது.

இவர்களது உழைப்பை நாம் மறுக்கவில்லை. அஃதின்றேல் பலர் தம் உரிமையை அறியாமலே மாண்டிருப்பர். ஆயினும், பிரான்சின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஆதனத்தில் நேரடி நலனுடையோரின் முன்னங்கீகாரமின்றித் தேடியோருக்கு ஊதியமில்லை என விதித்தது. இங்கிலாந்திலோ இத்தொழிலுக்கு அனுமதிப்பத்திரமே வேண்டியதில்லை. உழைப்புக்குரிய கூலி வேறு, அறியாமைக்கு விதிக்கப்படும் வரி வேறு. இவ்விரண்டையும் பிரித்துக்காட்டுவது சட்டத்தின் கடமை என்பதே நமது துணிபு.