மீண்டெழும் பகை: நிகழ்பட விளையாட்டுகளில் படைக்கலமும் பகைவரும் – கருவடிக்குப்பத்தோடு இயைந்த இரு மரபுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நிகழ்பட விளையாட்டுகளில் பகைவர் வீழ்வதும் மீண்டும் எழுவதும் அடிப்படை விதி. ஆடுபவர் ஏந்தும் படைக்கலம் அவ்விதியோடு பிணைந்தே பொருள் பெறுகிறது. மீண்டெழும் பகை என்னும் இக்கருத்து தமிழ் மரபுக்குப் புதியதன்று. புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தோடு தொடர்புடைய பாரதியின் குயில்பாட்டிலும், அவ்வூரில் அடக்கமான சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபிலும் இக்கருத்து வெவ்வேறு வகையில் அமைந்துள்ளது. பகை ஏன் மீள்கிறது, படைக்கலத்தால் அது முடிகிறதா என்னும் இரு வினாக்களைக் கொண்டு இவ்விரு மரபுகளையும் புகழ்பெற்ற சில விளையாட்டுகளையும் இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, பகைப் பாத்திரம், படைக்கலம், குயில்பாட்டு, சங்கரதாஸ் சுவாமிகள், கருவடிக்குப்பம்.

முன்னுரை

நிகழ்பட விளையாட்டுகள் குறித்துத் தமிழில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைகிறது. இவை இளைஞரைக் கெடுக்கின்றனவா என்பதே அவ்வினா. 2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தபோதும் பொதுவெளியில் இவ்வினாவே மேலெழுந்தது. ஆனால் அத்தடைக்கு அரசு கூறிய காரணம் நாட்டின் பாதுகாப்பும் பயனாளர் தரவுகளின் பாதுகாப்புமே. துப்பாக்கியும் கொலையும் அல்ல. விளையாட்டிற்குள் படைக்கலம் என்ன செய்கிறது, பகைவன் யாராகப் படைக்கப்படுகிறான் என்பவை ஆராயப்படாமலேயே விடப்பட்டன.

புனைவை ஆராயும் துறைகளுக்கு உரிய வினாக்கள் இவையே. காப்பியத்தில் எதிர்த்தலைவன் எவ்வாறு அமைகிறான் என்று கேட்கும் ஆய்வாளர், திரையில் தோன்றும் பகைவனைக் குறித்தும் அதே வினாவை எழுப்பலாம். வேறுபாடு ஒன்று உண்டு. காப்பியத்தில் பகைவனின் இயல்பைச் சொற்கள் உணர்த்துகின்றன. விளையாட்டில் அதனை விதிகள் உணர்த்துகின்றன. எனவே கதைச் சுருக்கத்தை மட்டும் நோக்காது விதிகளையும் பனுவலாகக் கொண்டு வாசித்தல் வேண்டும்.

பகைவர் மீளும் முறைகள்

நிகழ்பட விளையாட்டுகளில் பகைவர் மீண்டு வருதலை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, திரள் மீட்சி. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்திற்காகத் தொமோகிரோ நிசிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் வேற்றுலகப் பகைவர் வரிசை வரிசையாக இறங்குகின்றனர். ஒரு திரளை அழித்தால் அடுத்த திரள் தோன்றும். பகைவர் எண்ணிக்கை குறையக் குறைய எஞ்சியோரின் வேகம் கூடும். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் கணிப்பொறி விரைந்து இயங்கியதே இதற்குக் காரணம். பொறியின் வரம்பில் பிறந்த இவ்வியல்பு விளையாட்டின் சுவையாகவே நிலைத்தது. இங்குப் பகைவனுக்குப் பெயரில்லை, நினைவில்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு.

இரண்டாவது, கால மீட்சி. 2011இல் வெளிவந்த டார்க் சோல்ஸ் விளையாட்டில் ஆடுபவர் தீமூட்டிய இடத்தில் இளைப்பாறினால், வீழ்ந்த பகைவருள் பெரும்பாலோர் மீண்டும் தத்தம் இடத்தில் நிற்பர். ஆடுபவரின் ஓய்வு பகைவருக்கும் உயிர் தருகிறது. 2017இல் வெளிவந்த செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் த வைல்டு விளையாட்டில் செந்நிலவு எழும் இரவில் கொல்லப்பட்ட பகைவர் உயிர்த்தெழுகின்றனர்.

மூன்றாவது, பிறவி மீட்சி. 1986இல் தொடங்கிய செல்டா வரிசையில் கேனன் என்னும் தலைமைப் பகைவன் பல விளையாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறான். 2011இல் வெளிவந்த ஸ்கைவர்டு சுவோர்டு இதற்குக் கதைக் காரணம் கற்பித்தது. வீழும் வேளையில் டெமைஸ் என்னும் பகைவன், தன் வெறுப்பு மீண்டும் மீண்டும் பிறந்து வீரனின் வழியினரைத் தொடரும் என்று சூளுரைக்கிறான். வணிகத் தேவையால் திரும்பி வந்த பாத்திரம் இவ்வாறு ஊழின் தொடர்ச்சியாக விளக்கம் பெற்றது.

நான்காவது, நினைவு மீட்சி. 2014இல் வெளிவந்த சேடோ ஆஃப் மோர்டோர் விளையாட்டில் ஆடுபவரை வீழ்த்திய சாதாரண வீரன் பதவி உயர்வு பெறுகிறான். அடுத்த சந்திப்பில் முந்தைய மோதலை நினைவூட்டிப் பேசுகிறான். இறந்ததாகக் கருதப்பட்டவனும் பழைய தழும்புகளோடு வரக்கூடும். இவ்வமைப்புக்கு 2021இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. பகையின் நினைவு ஒரு நிறுவனத்தின் உடைமையானதை இது காட்டுகிறது.

குயில்பாட்டில் வாளும் பகையும்

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமிகள் கோயிலை அடுத்திருந்த தோப்பே குயில்பாட்டின் களம் என்பது புதுவை வழக்கு. அத்தோப்பு இன்றும் குயில்தோப்பு என்றே வழங்கப்படுகிறது. காதற் பாட்டாகவும் வேதாந்த உருவகமாகவும் பலவாறு வாசிக்கப்பட்ட இப்பாட்டினைப் படைக்கலம், பகை என்னும் கோணத்தில் வாசிக்கவும் இடமுண்டு.

பாட்டின் கதைசொல்லி குயிலின் மீது காதல் கொள்கிறான். பின்னர் அது ஒரு குரங்கிடமும், ஒரு காளையிடமும் காதல் மொழி பேசுவதைக் காண்கிறான். சினங்கொண்டு குரங்கின் மேல் வாளோச்சுகிறான். குரங்கு தப்பி மறைகிறது. காளை வடிவில் பகை தோன்றும்போதும் வாளால் அது முடிவதில்லை. படைக்கலம் ஏன் பயனற்றுப் போகிறது என்பதற்குக் குயில் கூறும் முற்பிறவிக் கதையே விடை தருகிறது.

முற்பிறவியில் குயில் ஒரு வேடர் தலைவனின் மகள். மாமன் மகன் மாடன் அவளை விரும்புகிறான். நெட்டைக் குரங்கனுக்கு அவளை மணமுடிக்கத் தந்தை இசைகிறான். அவளோ சேர இளவரசனைக் காதலிக்கிறாள். மாடனும் குரங்கனும் இளவரசனைப் பின்னிருந்து வெட்டுகின்றனர். அவன் திரும்பி இருவரையும் வீழ்த்தியபின் தானும் சாய்கிறான். மூவரும் வாளாலேயே மடிகின்றனர். எனினும் பகை மடியவில்லை. மாடனும் குரங்கனும் பேயாகித் தொடர்ந்து, மாயத்தால் மாடாகவும் குரங்காகவும் தோன்றிக் காதலரைப் பிரிக்க முயல்கின்றனர்.

இவ்வமைப்பு மேலே கூறிய மூன்றாம் வகையோடு நெருங்கியது. எனினும் ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. ஸ்கைவர்டு சுவோர்டில் மீளும் பகையை ஒவ்வொரு முறையும் வாளே அடக்குகிறது. ஆகவே வாளும் மீள வேண்டியதாகிறது. குயில்பாட்டில் முற்பிறவியில் வாள் செய்த முடிவு முடிவாக அமையவில்லை. இப்பிறவியில் வாளுக்கு இலக்கே கிட்டவில்லை. எதிரில் நிற்பது தோற்றம். உண்மையான தடை காதலனின் ஐயமும் சினமும் ஆகும். குயிலின் கதையைக் கேட்டு, அதனைக் கையிலேந்தி அவன் முத்தமிடும்போதே அது பெண்ணாகிறது. வாள் செய்யாததைக் கேட்டலும் அன்பும் செய்கின்றன. பின்னர் அனைத்தும் கனவெனத் தெளிகிறது.

இதற்கு மிக அண்மையான விளையாட்டு இணை 1989இல் ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆகும். அதில் இளவரசன் ஒரு கண்ணாடியைத் தாவிக் கடக்கும்போது அவனது நிழலுரு பிரிந்து பகையாகிறது. இறுதிக் கட்டத்தில் நிழலை வாளால் தாக்கினால் இளவரசனுக்கே காயம் படும். வாளை உறையிலிட்டால்தான் இருவரும் ஒன்றாவர், வழி திறக்கும். அதுவரை வாளை நம்பியே ஆடப் பழகியவருக்கு வாளைத் துறத்தலே வெற்றி என்று அவ்விதி கற்பிக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகளின் மேடையில் பகைவர்

கருவடிக்குப்பம் தமிழ் நாடக வரலாற்றிலும் இடம்பெற்ற ஊர். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் இங்கு அடக்கம் செய்யப்பட்டார். நாடகாசிரியராகவும் பயிற்றுநராகவும் பெயர் பெறுவதற்கு முன் அவர் நடிகராக விளங்கினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களே அவருக்குப் புகழ் தந்தன. அவ்வேடங்களின் கடுமையைக் கண்டு கருவுற்ற பெண்கள் அதிர்ச்சியுற்றதால் அவர் நடிப்பையே துறந்தார் என்று நாடக வரலாறுகள் குறிப்பிடுகின்றன. பகைப் பாத்திரத்தின் ஆற்றல் பார்வையாளர் மீது செலுத்தும் விளைவைக் குறித்து ஒரு கலைஞர் ஏற்ற பொறுப்பாக இச்செய்தியைக் கொள்ளலாம். திரை வன்முறை குறித்த இன்றைய விவாதத்திற்கு முன்னோடியான ஒரு வினா இதில் உள்ளது.

மேடையிலும் பகைவன் மீள்பவனே. ஓர் ஊரில் விடியலில் வீழ்ந்த இரணியன் அடுத்த ஊரில் அன்றிரவே எழுகிறான். ஆனால் அவன் பெயரற்ற திரளில் ஒருவன் அல்லன். அவனுக்கெனப் பாட்டுண்டு, தன்னை அறிவிக்கும் உரையுண்டு, தன் சார்பில் வாதிடும் உரிமையுண்டு. புறத்திணை மரபும் இத்தகையதே. முற்றுகையிடுவோருக்கு உழிஞையைச் சூட்டிய புறப்பொருள் வெண்பாமாலை, மதில் காப்போருக்கு நொச்சியைச் சூட்டுகிறது. எதிர்த்தரப்பும் தனக்கெனப் பூவும் திணையும் பெறுகிறது.

சுவாமிகளின் பிரகலாதன், சத்தியவான் சாவித்திரி ஆகிய நாடகங்களை இங்கு இணைத்து நோக்கலாம். மனிதராலோ விலங்காலோ, பகலிலோ இரவிலோ, அகத்திலோ புறத்திலோ, படைக்கலத்தாலோ இறப்பு நேரலாகாது என்பது இரணியன் பெற்ற வரம். தலைமைப் பகைவனுக்கு ஒரே ஒரு வலுவற்ற இடம் அமைத்து, அதனைக் கண்டறிவதையே ஆட்டமாக்கும் விளையாட்டு உத்தியோடு இது ஒப்புமையுடையது. வரத்தின் சொற்களிலேயே விடுபட்ட இடைவெளியாக நரசிங்கம் தோன்றுகிறது. சாவித்திரியோ எமனைப் படைக்கலத்தால் வெல்லவில்லை. அவன் தந்த வரத்தையே பற்றிக்கொண்டு சொல்லால் கணவன் உயிரை மீட்கிறாள். 2015இல் டோபி பாக்ஸ் உருவாக்கிய அண்டர்டேல் விளையாட்டில் பகைவரைக் கொல்லாமல் அவரோடு பேசியும் விட்டுக்கொடுத்தும் முடிவை எய்தலாம் என்னும் விதி புதுமையாகப் போற்றப்பட்டது. தமிழ் மேடைப் பார்வையாளருக்கு அது பழகிய வழியே.

படைக்கலத்தின் தேய்வு

விளையாட்டுப் படைக்கலம் பெரும்பாலும் தேய்வதில்லை. பிரெத் ஆஃப் த வைல்டு இதனை மாற்றியது. வாளும் வேலும் சில வீச்சுகளில் முறிகின்றன. சிறப்பு வாளும் ஆற்றல் இழந்து சிறிது நேரம் ஓய்கிறது. இதனை எரிச்சலூட்டும் விதி என்று ஆடுபவர் பலர் குறை கூறினர். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கல மனையில் மாலையணிந்து நெய்பூசிக் காக்கப்பட்ட வேல்களையும், அதியமானின் முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் வேல்களையும் எதிரெதிர் நிறுத்துகிறார். புகழ்வதுபோல் பழித்தல் அங்கு நிகழ்கிறது. தேயாத படைக்கலம் பயன்படாத படைக்கலம் என்னும் அப்பார்வையில், முறியும் வாள் குறையன்று. போரின் விலையை ஆடுபவர் கையில் உணர்த்தும் குறி.

மரபுப் படைக்கலங்களைக் கொண்டு இந்தியாவில் உருவான விளையாட்டுக்கு 2020இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ராஜி சான்றாகும். அசுரரிடமிருந்து தம்பியை மீட்கச் செல்லும் சிறுமி சூலமும் வில்லும் ஏந்துகிறாள். கதைப்பகுதிகள் நிழற்பாவைக் கூத்தின் வடிவில் அமைகின்றன. ஆயினும் வழியில் எதிர்ப்படும் அசுரத் திரளுக்குத் தனிக்குரல் இல்லை. தோற்றத்தில் மரபைப் பெற்ற விளையாட்டு, பகைவனுக்குப் பாட்டு வழங்கும் மரபைப் பெறவில்லை. படங்களைக் கடன்கொள்ளுதல் எளிது, விதிகளைக் கடன்கொள்ளுதல் அரிது என்பதற்கு இது சான்று.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பகை மீளுதல் விளையாட்டுகளில் எண்ணிக்கை, காலம், பிறவி, நினைவு என்னும் நான்கு அடிப்படைகளில் நிகழ்கிறது. இவற்றுள் பிறவி மீட்சி குயில்பாட்டோடும், ஊர்தோறும் மீளும் பகைவன் நாடக மேடையோடும் ஒப்புநோக்கத் தக்கவை.

படைக்கலத்தால் வீழ்த்தப்பட்ட பகை படைக்கலத்தாலேயே முடிவதில்லை என்பது குயில்பாட்டின் அமைப்பு. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, அண்டர்டேல் ஆகியவை இதே முடிவை விதிகளின் வழி எய்துகின்றன.

தமிழ் மரபு பகைவனுக்குப் பெயரும் பூவும் பாட்டும் வழங்கியது. பெருவழக்கான விளையாட்டுகள் பெயரற்ற திரளையே பகையாக நிறுத்துகின்றன. வன்முறையின் அளவைக் காட்டிலும் இப்பெயரின்மையே ஆய்வுக்குரிய முதன்மைச் சிக்கல். எதிரில் நிற்பவன் பேசக் கூடியவனா, அவன் சொல்லைக் கேட்க விதி இடம் தருகிறதா என்று வினவுவது, ஒரு விளையாட்டை மதிப்பிடப் பயன்படும் அளவுகோலாகும். தமிழ்த்துறைகள் காப்பிய எதிர்த்தலைவர் குறித்து வகுத்த கருவிகளை இத்துறைக்கும் விரிவுபடுத்தினால், பிறமொழிக் கோட்பாடுகளை மட்டும் சார்ந்திராத ஒரு விளையாட்டுத் திறனாய்வு தமிழில் உருவாக வழியுண்டு.