‘டாக்டர் பார்த்துட்டார், ஒண்ணுமில்லையாம்’

தன்னிடம் ஒருவர் தவறாக நடந்துகொண்டதாகக் குழந்தை சொன்னதைக் கேட்டுப் பதறி மருத்துவமனைக்கு ஓடும் குடும்பங்களில் பல, இந்த ஒரு வரியோடு பேச்சை முடித்துக்கொள்கின்றன. நிம்மதியான வரிதான். ஆனால் அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது.

பாலியல் வன்முறை நடந்தது சட்டப்படி உறுதியான 236 குழந்தைகளின் பரிசோதனைப் பதிவுகளை அமெரிக்க மருத்துவர் ஜாய்ஸ் ஆடம்ஸ் குழுவினர் அலசி 1994-ல் வெளியிட்டார்கள். தெளிவான பாதிப்பு தெரிந்தது 14 சதவீதத்தினருக்குத்தான். இத்தகைய வன்முறையில் பெரும்பகுதி காயமே உண்டாக்குவதில்லை; உண்டானாலும் அப்பகுதித் திசு வேகமாக ஆறிவிடும். குழந்தை வாய் திறப்பதோ மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து.

ஏன் இவ்வளவு தாமதம்? செய்தவர் பெரும்பாலும் தெரிந்தவர். மாமா, டியூஷன் சார், வேன் ஓட்டும் அண்ணன். பிள்ளையை நெருங்குமுன் பெற்றோரின் நம்பிக்கையைச் சம்பாதித்திருப்பார். அவசரத்துக்குப் பணம் கொடுத்திருப்பார், மழை நாளில் பள்ளியிலிருந்து அழைத்து வந்திருப்பார். பிறகு ஒரு பரிசு, ஒரு ரகசியம், ‘சொன்னா அம்மா செத்துடுவாங்க’ என்றொரு மிரட்டல். ‘குட் டச், பேட் டச்’ வகுப்பு வேண்டியதுதான். ஆனால் தனக்குப் பிடித்த ஒருவரைக் கெட்டவர் என்று சொல்ல ஏழு வயதில் யாருக்கு மனம் வரும்? வாய்விட்டுச் சொல்லாத பிள்ளையிடம், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது, ஒருவர் வந்தாலே ஒளிந்துகொள்வது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு எல்லாம் கவனிக்க வேண்டியவை. ஆனால் அவற்றில் எதுவும் தனியே சாட்சியாகாது.

பெரியவர்களை அதிகம் குழப்புவது, ‘சும்மா சொன்னேன்’ என்று குழந்தை பின்வாங்குவது. அப்போ பொய்தானே என்று வீடே பெருமூச்சு விடும். உண்மையென ஏற்கப்பட்ட 257 அமெரிக்க வழக்குகளைப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில், 23 சதவீதக் குழந்தைகள் ஒரு கட்டத்தில் மறுத்திருந்தார்கள். வயதில் சிறியவர்கள், அப்பா ஸ்தானத்தில் இருந்தவர்மேல் புகார் சொன்னவர்கள், வீட்டில் மற்ற பெரியவரின் துணை கிடைக்காதவர்களே அதிகம் மறுத்தார்கள். அந்தப் பெருமூச்சுக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

கேட்கும் விதத்திலும் காரியம் கெடும். ‘அவர் அங்கே தொட்டாரா?’ என்றால் சிறு குழந்தை நம் முகத்தைப் பார்த்து ஆமாம் என்றும் சொல்லலாம், பயந்து இல்லை என்றும் சொல்லலாம். ‘என்ன நடந்துச்சு, சொல்லு... அப்புறம்?’ என்று விட்டால் சொந்த ஞாபகம் வரும். உளவியலாளர் மைக்கேல் லாம்ப் முதலானோர் உருவாக்கிய விசாரணை முறையின் உயிர் இந்த ‘அப்புறம்?’தான். பதிலை ஊட்டும் கேள்விகளால் குலைந்த கலிஃபோர்னியாவின் மெக்மார்ட்டின் பாலர் பள்ளிப் பாலியல் புகார் வழக்கு, 1990-ல் ஒருவருக்கும் தண்டனையின்றி முடிந்தது.

ஆகவே வீட்டிலேயே துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். ‘நீ சொன்னது நல்லதாப் போச்சு, உன்மேல தப்பில்லை’ என்றால் போதும். விசாரிப்பது காவல்துறையின் வேலை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, காவலர் சீருடையில்லாமல், குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும். நீதிமன்றத்தில் வக்கீல் நேரடியாகக் கேட்க முடியாது. கேள்வி நீதிபதி வழியாகத்தான் குழந்தைக்குப் போகும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைப்பவரோ காவல் நிலையத்தில் சொல்பவரோ எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தெரிந்தும் தெரிவிக்காத பெரியவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு; சொல்லாமல் இருந்த குழந்தைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.