கோட்டைக்குள்ளே ஒரு பட்டுக்கொடி!

கோட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் நின்றதும் ஒரு கூட்டம் இறங்கி ஓடுகிறது. தோளில் சாப்பாட்டுப் பை, கக்கத்தில் பைல். பின்னாலேயே கையில் மனுவோடு இன்னொரு கூட்டம். எல்லோரும் போவது தலைமைச் செயலகத்துக்கு.

அதே ஜார்ஜ் கோட்டைக்குள், கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம். "அதுவா? ஏதோ மியூசியமாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறவர்களே அதிகம்.

அதற்குள்தான் இருக்கிறது அந்தக் கொடி!

1947 ஆகஸ்டு 15. விடியற்காலை மணி 5-05. கோட்டைக் கம்பத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. அந்த அசல் கொடியேதான் இது. சுத்தப் பட்டு. 12 அடி நீளம், 8 அடி அகலம். அன்றைக்கு நாடு முழுவதும் பறந்த கொடிகளில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள் தொல்பொருள் துறையினர்.

பட்டுக்கு வெளிச்சமும் ஆகாது, கடற்கரை ஈரக்காற்றும் ஆகாது. அதனால் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி. ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல். விளக்கும் மங்கல்தான். ஏதோ ஆஸ்பத்திரியில் பெரியவரைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும்! பொதுமக்கள் பார்வைக்கு வைத்ததே 2013-ல்தான்.

கம்பத்தில் ஏறிய பாஷ்யம்

அந்தக் கொடிக்கம்பத்துக்கும் ஒரு கதை உண்டு. எலிஹு யேல் கவர்னராக இருந்த காலத்தில், 17-ம் நூற்றாண்டின் கடைசியில் நட்ட தேக்கு மரக் கம்பம் அது. (அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்கிறார்களே, அது இவர் பெயரில்தான்!) தேக்கு போய், இப்போது நிற்பது இரும்பு.

1932 ஜனவரி 26. காந்திஜி ஜெயிலில். காங்கிரசுக்குத் தடை. கோட்டையிலோ துப்பாக்கியோடு காவல். அந்த ராத்திரியில் பாஷ்யம் என்ற இளைஞர் உள்ளே புகுந்தார். கம்பத்தில் ஏறினார். யூனியன் ஜாக் கொடியை இறக்கிவிட்டு, மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டுப் போய்விட்டார். பொழுது விடிந்த பிறகுதான் வெள்ளைக்காரனுக்கு விஷயம் தெரிந்தது! இந்தப் பாஷ்யம்தான் பின்னாளில் ஓவியர் ஆர்யா. முண்டாசு கட்டிய பாரதியார் படத்தை வரைந்தவரும் இவரே.

சுதந்திரம் வந்த பிறகும் ஆகஸ்டு 15-ல் இங்கே கொடி ஏற்றியவர் கவர்னர்தான். "முதல்-அமைச்சர் ஏற்றக்கூடாதா?" என்று கருணாநிதி கேட்டு வாங்கினார். 1974-ல் அவரே முதலில் ஏற்றினார். மற்ற மாநில முதல்-அமைச்சர்களுக்கும் அந்த உரிமை அதோடு சேர்ந்தே கிடைத்தது.

மேலே கலங்கரை விளக்கு

மியூசியக் கட்டடமும் லேசுப்பட்டதல்ல. 1795-ல் கட்டி முடித்தது. வியாபாரிகள் கூடி கப்பல் சரக்குக்கு விலை பேசிய இடம். மொட்டை மாடியில் கலங்கரை விளக்கு எரிந்தது. கோட்டை மதில் பக்கம் வரைக்கும் அலை வந்த காலம் அது. துறைமுகம் கட்டிய பிறகு மணல் சேர்ந்து கடல் தள்ளிப்போய்விட்டது.

1948 முதல் இது மியூசியம். நாணயம், வாள், துப்பாக்கி, கவர்னர்களின் ஆளுயரப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. காரன்வாலிஸ் பிரபுவின் சிலையைப் பார்ப்பவர்கள் பீடத்தையும் குனிந்து பார்க்க வேண்டும். திப்பு சுல்தானின் இரண்டு பையன்களையும் 1792-ல் பணயமாக ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவன் பெருமைக்காகச் செதுக்கியது. நமக்கோ அந்தப் பிள்ளைகள் மேல்தான் கண் போகிறது.

மனுவை வாங்கிக்கொண்டு, "மத்தியானம் வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டால், மர நிழலில் உட்கார்ந்து கொட்டாவி விடவேண்டாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே ஒரு நடை போய் வரலாம். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு.