பச்சை விழுந்தால் போதுமா?

2022 மார்ச் 4 அன்று, செகந்திராபாத் கோட்டத்தில் குல்லகுடா–சிட்கிட்டா இடையே ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஏறியிருந்த என்ஜினை, இன்னொரு என்ஜின் இருந்த அதே தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள். ரயில் மோதலைத் தடுக்கும் ‘கவச்’ அமைப்பு தானாகவே பிரேக் போட்டது. சுமார் 380 மீட்டர் இடைவெளியில் வண்டி நின்றது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கின் சாரமும் இதுதான். நடக்கக் கூடாததை வேண்டுமென்றே நடத்திப் பார்க்க வேண்டும். விடை என்ன வர வேண்டும் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஹைதராபாத் அமீர்பேட்டையின் பயிற்சி நிலையங்களில் செலினியம் படித்து வேலைக்குப் போனவர்கள் ஏராளம். 2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய இந்தக் கருவி, மனிதருக்குப் பதிலாக பிரவுசரில் பட்டன்களை அழுத்தும். அதற்கான ஸ்கிரிப்டை இன்று ஏஐ சில நொடிகளில் எழுதிவிடுகிறது. அப்படியானால் டெஸ்டருக்கு என்ன வேலை?

ரயில் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். 5 வயது முடிந்து 12 முடியாத குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாமென்றால் அரைக் கட்டணம். கேட்டால் முழுக் கட்டணம். தவறுகள் பதுங்குவது எல்லைகளில் என்பதால் 4, 5, 11, 12 என்று வயது கொடுத்துச் சோதிப்பார்கள். இது ஏஐக்கும் தெரியும். ஆனால் முன்பதிவுக்கும் பயணத்துக்கும் நடுவில் பிள்ளைக்கு 12 முடிந்தால்? அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும். விதிகளும் மாறும்: முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 ஆகக் குறைந்தது. பழைய தகவலில் பழகிய ஏஐ 120 என்றே எழுதக்கூடும். நிரலையும் அதுவே எழுதி, சோதனையையும் அதுவே எழுதினால், இரண்டிலும் ஒரே தவறு, ஆனால் திரையில் ‘பாஸ்’ என்ற பச்சை.

‘செல்ஃப் ஹீலிங்’ கருவிகளிடமும் எச்சரிக்கை தேவை. பட்டன் இடம் மாறினால் ஸ்கிரிப்டைத் தாமே திருத்திக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் பட்டன் காணாமல் போனதே பிழையாக இருந்தால், வேறொன்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிழையை மறைத்துவிடலாம். கருவி எதைத் திருத்தியது என்று படித்துப் பார்க்க ஜாவாவோ பைத்தானோ, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ (Git) கருவியும் தெரிந்திருக்க வேண்டும். பயணிகளின் உண்மையான பெயர், கைபேசி எண்களை ஏஐயிடம் கொட்டாத ஒழுங்கும் வேண்டும்.

டெஸ்டர்களை இன்டர்வியூ எடுக்க என்னை உட்காரவைத்தால், பாஸான ஒரு டெஸ்டைக் கொடுப்பேன். நிரலில் ‘12க்குக் குறைவு’ என்றிருப்பதை ‘12 வரை’ என்று மாற்றி, மறுபடி ஓட்டச் சொல்வேன். அப்போதும் பச்சை விழுந்தால், அந்த டெஸ்டில் எந்த வயது விட்டுப்போயிற்று என்று கேட்பேன்.