சாரதியின் குணம் பாதி, கூலி முறை பாதி

இரவில் கொழும்புக்குப் புறப்படும் பஸ், விடியுமுன் மீன் ஏற்றும் லொறி, பள்ளிக்கூட வேன், சந்தியில் சவாரிக்கு நிற்கும் ஓட்டோ என்று கல்முனைக் கரையில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது ஸ்டியரிங்கை நம்பித்தான். விபத்து நடந்தால் “றைவர் சரியில்லை” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். குணத்துக்கு விபத்தில் பங்கு உண்டு. ஆனால் முழுப் பங்கும் அதற்கில்லை.

பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனும் அவரது சகாக்களும் 1990இல் சாரதிகளின் பிழைகளை வகை பிரித்தார்கள். கண்ணாடியைப் பார்க்க மறப்பதும் தூரத்தைத் தவறாகக் கணிப்பதும் ஒரு பக்கம். தெரிந்தே வேக எல்லையை மீறுவதும், முன்வண்டியை ஒட்டிப்போய் ஹோர்ன் அடித்து விரட்டுவதும் மறுபக்கம். குணம் அதிகம் பேசுவது இந்த இரண்டாவது பக்கத்தில்தான். பரபரப்பைத் தேடும் சுபாவம், சட்டென்று மூளும் கோபம், பொறுமையின்மை ஆகியவை உள்ளவர்களிடம் விதிமீறல் கூடுதல். ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவர்களிடம் குறைவு. பரபரப்புத் தேடல் இளவயதில் உச்சத்தில் நின்று, வயது ஏற ஏறத் தணியும்.

அனுபவசாலியிடம் வேறோர் ஆபத்து இருக்கிறது: “எனக்கு ஒண்டும் நடக்காது” என்ற நம்பிக்கை. 1981இல் ஓலா ஸ்வென்சன் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட அமெரிக்கர்களில் 93 வீதமானோர், கூட்டத்தில் பாதிப்பேரைவிடத் தாங்கள் திறமையாக ஓட்டுவதாக மதிப்பிட்டார்கள். கணக்குப்படி அது நடக்கவே முடியாது.

இனிக் கூலிக்கு வருவோம். வசூலில் பங்குதான் சம்பளம் என்றால், முன்னால் போகும் பஸ் தன் பயணிகளை அள்ளிக்கொண்டு போவதாகத்தான் சாரதிக்குத் தெரியும். நடத்துனர் மிதிபலகையில் நின்று தகரத்தைத் தட்டி “றைட், றைட்” என்கிறார்; ஏறியவர் இன்னும் கம்பியைப் பிடிக்கவில்லை, வண்டி பாய்கிறது. அதே சாரதி பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஜும்ஆவுக்குப் போகும்போது எவ்வளவு நிதானம்! குணம் மாறவில்லை, கூலியின் நெருக்குதல்தான் அங்கே இல்லை. மீன் லொறிக்காரருக்கும் இதே கதைதான்: ஐஸ் கரைகிறது, பிந்தினால் சந்தையில் விலை விழுகிறது.

இந்த அவசரம் ஓடுவது எந்த வீதியில் என்று பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் பிரதான வீதி. கடை வாசலும் பள்ளிவாசல் கதவும் பாடசாலை கேட்டும் அதை நோக்கியே திறக்கின்றன. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். 70இல் 19 மீட்டருக்கு மேல். பிரேக்கில் கால் படுமுன்பே அந்தத் தூரம் போய்விடும்.

குணத்தை அளக்கும் கேள்வித்தாளைக் கொடுத்து ஆள் எடுக்கலாமே என்பார்கள். வேலை வேண்டுமென்றால் யாரும் நல்ல பதிலைத்தான் எழுதுவார்கள். ஒருவர் முன்பு எப்படி ஓட்டினார், எத்தனை தண்டம் கட்டினார் என்று விசாரிப்பதே மேல். நல்ல சாரதிக்கும் ஓய்வு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ், லொறிச் சாரதிகள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். நம் இரவு பஸ்களுக்கும் அப்படியொரு ஒழுங்கு வேண்டும்.

முதலாளிமாரே, நிலையான சம்பளம் கொடுங்கள். இரவு ஓட்டத்துக்கு இரண்டாவது சாரதியை அனுப்புங்கள். பயணிகளே, நோன்பு திறக்கும் நேரம் நெருங்கினாலும் “கெதியாப் போங்க” என்று பின்னாலிருந்து சொல்லாதீர்கள்.