உருக்காலையிலிருந்து ஒரு தாளம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது கேரி நகரம். 1906இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் தன் உருக்காலைக்காகவே உருவாக்கிய ஊர். அந்நிறுவனத் தலைவரின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். தென்மாநிலங்களின் நிறவெறிக்குத் தப்பி வந்த கறுப்பின மக்களுக்கு அங்கே கடினமான வேலைகள் கிடைத்தன. விரும்பிய தெருவில் குடியிருக்கும் உரிமை கிடைக்கவில்லை. மிட்டவுன் என்ற பகுதிக்குள் ஒதுக்கப்பட்டார்கள். ஊருக்கு வெளியே சேரி என்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1967இல் ரிச்சர்ட் ஹேட்சர் என்ற கறுப்பினத்தவர் அங்கே மேயராகத் தேர்வானார். வெள்ளையர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். உருக்காலையில் ஆட்குறைப்பு தொடர்ந்தது. 1960இல் சுமார் 1.78 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2020இல் 69 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது.

இந்த ஊரின் உருக்காலையில் தொழிலாளியாக இருந்தவர் ஜெர்ரிலின் பேட்டன். இசையுலகில் அவர் பெயர் ஜேலின். 2015இல் அவரது முதல் ஆல்பமான ‘டார்க் எனர்ஜி’ வெளிவந்தபோதும் ஆலை வேலையில்தான் இருந்தார்.

அவர் எடுத்துக்கொண்டது ‘ஃபுட்வொர்க்’ என்னும் மின்னணு நடன இசை. பக்கத்து நகரான சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் வளர்த்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 தட்டுகள். வட்டம் கட்டி நிற்பவர்களின் நடுவே, கால்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் போட்டி போடும்.

பழைய பாடல்களை வெட்டி ஒட்டி இசை அமைப்பது இவ்வகையில் வழக்கம். ஜேலினும் அப்படித்தான் தொடங்கினார். கேட்ட அவருடைய அம்மா, இதில் உன்னுடைய ஒலி எது என்று கேட்டாராம். பேட்டிகளில் ஜேலினே இதைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பிறகு இரவல் ஒலிகளைப் பெருமளவு கைவிட்டு, தாளங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கட்டினார். பிரிட்டனின் ‘தி வயர்’ இதழ் ‘டார்க் எனர்ஜி’யை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. 2023இல் புலிட்சர் இசைப் பரிசின் இறுதிப் பட்டியல் வரை ஜேலின் சென்றார்.

சிகாகோவின் ஹவுஸ், டெட்ராய்ட்டின் டெக்னோ இரண்டும் கறுப்பின இளைஞர்கள் பெற்றெடுத்த இசைகள். இன்று உலகமெங்கும் அவை பெரும் வணிகம். மேடையிலும் விளம்பரத்திலும் பெரும்பாலும் வேறு முகங்கள். தாளம் ஒருவருடையது, பெயரும் பணமும் வேறொருவருக்கு. பறையை இழிவென்று ஒதுக்கிவிட்டு, அதன் அடியை மட்டும் சினிமாவில் ரசிக்கும் சமூகத்தில் வாழும் நமக்கு இது புதிய கதையா?

அதனால்தான் அந்தத் தாயின் கேள்வி முக்கியமாகிறது. நம் பிள்ளைகளிடமும் அதைக் கேட்போம். பதிலாக அவர்கள் எழுப்பும் ஒலிக்கு அவர்கள் பெயரே நிலைக்கும்படி பார்த்துக்கொள்வோம்.