569 பேரிடம் சோதனை: கூடக் கிடைத்தது 10 நாள்! கணையப் புற்றுநோயுடன் மல்லுக்கட்டும் "ஜோடி மருந்து"

இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடப்பது கணையம். இன்சுலின் சுரப்பது இதுதான். இங்கே புற்றுநோய் வந்தால் லேசில் வெளியே தெரியாது. மஞ்சள் காமாலை, முதுகுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பெரும்பாலோருக்கு நோய் முற்றி, ஆபரேஷன் செய்ய முடியாத நிலை.

1990-களில் வந்த மருந்து "ஜெம்சிடபின்". ஊசி வழியாக ஏற்றுவார்கள். ஏற்றியும் சுமார் 6 மாதம்தான் தாங்கியது.

கூட இன்னொரு மருந்து சேர்த்தால் என்ன என்று டாக்டர்கள் யோசித்தார்கள். புற்றுநோய் செல்லின் மேல், "வளரு, வளரு" என்று உத்தரவு வாங்கும் கதவு ஒன்று உண்டு. அதைக் குறிபார்த்து அடைக்கும் மாத்திரை "எர்லோடினிப்".

கனடா ஆராய்ச்சிக் குழு 569 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. எல்லோருக்கும் ஜெம்சிடபின். ஒரு பாதிக்கு எர்லோடினிப். மறு பாதிக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது!

முடிவு என்ன?

2007-ல் விவரம் வெளியானது. வெறும் மாத்திரைக்காரர்களில் பாதிப்பேர் 5.91 மாதத்தைத் தாண்டினார்கள். நிஜ மாத்திரைக்காரர்களில் பாதிப்பேர் 6.24 மாதத்தைத் தாண்டினார்கள். வித்தியாசம் 10 நாள்!

இதுக்குப் போயா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தவரைக் கேட்டால் தெரியும் 10 நாளின் அருமை. ஒரு வருஷம் தாண்டியவர்களும் 17 சதவீதத்தில் இருந்து 23 ஆனார்கள். மாத்திரையால் உடம்பில் தடிப்பு கிளம்பியவர்கள்தான் அதிக நாள் இருந்தார்கள் என்பது விசித்திரம்.

பிறகு மூன்றாவதாக, கட்டிக்குப் புது ரத்தக் குழாய் முளைக்காமல் தடுக்கும் "பெவாசிசுமாப்" மருந்தையும் சேர்த்து 607 பேரிடம் பார்த்தார்கள். 2009-ல் வந்த முடிவு: 6 மாதம், 7.1 ஆனது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று கணக்கு சொல்லிவிட்டது.

மெயின் ஆசாமி உள்ளே!

வாசலுக்குப் பூட்டுப் போட்டார்கள். குற்றவாளியோ வீட்டுக்குள்ளேயே இருந்தான். அவன் பெயர் "கே-ராஸ்". இந்த நோயாளிகளில் 100-க்கு 90 பேருக்கு மேல் இந்த ஜீன் பழுது. அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி, வெளி உத்தரவே இல்லாமல் செல்லை வளர்த்துக்கொண்டே இருக்கும்.

2011-ல் பிரான்சில் நாலு மருந்தைச் சேர்த்து ஏற்றியதில் 11.1 மாதம் கிடைத்தது. எர்லோடினிப் பின்தங்கியது.

2022-ல்தான் கே-ராஸ் மீதே கை வைத்த "சோடோராசிப்" மாத்திரையின் முடிவு வந்தது. 38 நோயாளிகளில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் அது பிடிப்பது ஒரு வகைப் பழுதை மட்டும். கணையப் புற்றுநோய்க்காரர்களில் 100-க்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் அந்த வகை.